மதுரையில் வாடகை வீடு: போர்டில் இருக்கும் தொகைக்கு மேல் என்னென்ன ஆகும்?

மதுரைக்கு மாற்றலாகி வருகிறவர்கள், படிக்க வருகிறவர்கள், பிள்ளைகளின் பள்ளிக்காகக் குடிவருகிறவர்கள் எல்லாரும் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்பது "வாடகை எவ்வளவு?" என்றுதான். கேட்க வேண்டியது, "மாசம் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?" என்று. இரண்டு கேள்விக்கும் வருகிற பதிலில் சில வீடுகளில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போர்டில் வாடகை 12,000 என்று இருக்கிறது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். பதினோரு மாதத்தில் காலி செய்தால் இந்த 24,000 ரூபாயைப் பதினொன்றால் வகுக்க வேண்டும். மாதம் 2,180 ரூபாய் வருகிறது. மெயின்டனன்ஸ் 1,000. கரண்டுக்குச் சப் மீட்டரில் (வீட்டுக்காரர் தனியாக வைத்திருக்கும் குட்டி மீட்டர்) யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம், மாதம் 150 யூனிட் ஓடினால் 1,200. கேன் தண்ணீர் மாதம் 10 கேன் என்றால் இன்னொரு 350. கூட்டினால் 16,700-ஐத் தாண்டுகிறது. பக்கத்துத் தெருவில் 13,500 சொன்ன வீட்டில் தனி ஈ.பி. சர்வீஸ், மாநகராட்சித் தண்ணீர், புரோக்கர் இல்லை, பெயிண்ட் பிடித்தம் இல்லை என்றால் அங்கே மாதம் 14,000-ஐ ஒட்டித்தான் ஆகும். வாடகை 1,500 கூடுதல் என்று நாம் தள்ளிவிட்டு வந்த வீடுதான் உண்மையில் மலிவு.

அதனால் வீடு பார்க்கப் போகும் முன்பே ஒரு சின்ன நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே வரும் கேள்விகளைக் கேட்டு, பதிலை அங்கேயே நின்று எழுதுங்கள். மூன்று வீடு பார்த்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து யோசித்தால் எது எந்த வீடு என்பதே குழம்பிப்போகும்.

எந்தப் பக்கம், எந்த மாதம்

வேலை எங்கே என்பதிலிருந்து தொடங்குங்கள். உயர்நீதிமன்றக் கிளையில் வேலை என்றால் ஒத்தக்கடை, கே.கே. நகர், மாட்டுத்தாவணி பக்கம், இலந்தைகுளம் ஐ.டி. பூங்கா என்றால் அண்ணா நகர், வண்டியூர் பக்கம். வடபழஞ்சி என்றால் நாகமலை புதுக்கோட்டை, விளாங்குடி, கோச்சடை பக்கம். வாடகை குறைவு என்று ஊரின் மறுகோடியில் வீடு பிடித்தால், மிச்சம் பிடித்ததைப் பெட்ரோலும் ஷேர் ஆட்டோவும் தின்றுவிடும். தினம் போகவர எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, மாதச் செலவை நோட்டில் அந்த வீட்டின் பக்கத்திலேயே எழுதுங்கள். கோயிலைச் சுற்றிய மாசி வீதிகள், ஆவணி மூல வீதிகள் பக்கம் பழைய வீடுகள் வசதியான வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் வண்டி நிறுத்த இடம் இருக்காது. சித்திரைத் திருவிழா நாட்களில் வண்டியை வீட்டுப் பக்கம் கொண்டுபோகவே முடியாது. மாதக் காசுக்கு எங்கேயாவது ஸ்டாண்டில் விட வேண்டியிருக்கும் என்றால் அதையும் வாடகையோடு சேருங்கள்.

மாதத்தைப் பற்றி ஒரு விஷயம். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலானவர்கள் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். ஆனி முடியும் முன் காலியான வீடு ஆவணி வரை பூட்டிக் கிடக்கும். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றால், பேரம் பேச அதைவிட நல்ல காலம் கிடையாது. வாடகையில் இறங்காத வீட்டுக்காரர்கூட அட்வான்சில் ஒரு மாதத்தைக் குறைப்பார், வெள்ளையடித்துத் தருவார். வீட்டுக்காரருக்கே ஆடியில் குடிவைக்க மனமில்லை என்றால், இப்போது டோக்கன் கொடுத்து ஆவணி முதல் தேதியிலிருந்து வாடகை என்று பேசிக்கொள்ளலாம். நேர்மாறாக, பள்ளி திறக்கும் முன் மே மாதத்தில் தேடினால் சொன்ன விலைதான்.

கரண்டு: தனி சர்வீஸா, சப் மீட்டரா?

வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மின்வாரிய மீட்டர் தனித்தனியாக இருக்கிறதா, அல்லது ஒரே ஒரு வாரிய மீட்டரும் அதற்குப் பக்கத்தில் பலகையில் வரிசையாகத் திருகப்பட்ட குட்டி மீட்டர்களுமா? அந்தக் குட்டி மீட்டர்தான் சப் மீட்டர். என்னைக் கேட்டால், மதுரையில் வாடகை வீட்டின் மறைமுகச் செலவுகளில் ஆண்டுக்கணக்கில் அதிகம் உறிஞ்சுவது இதுதான். புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

காரணம் இது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எடுக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 101-லிருந்து 200 யூனிட் வரை யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்கூட ஆகாது. ஆக, தனி சர்வீஸ் உள்ள வீட்டில் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் ஓடினால் பில் 125 ரூபாய்க்குள் முடியும். அதே 150 யூனிட்டைச் சப் மீட்டரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கணக்கிட்டால் 1,200 ரூபாய். ஆண்டுக்கு ஆறு பில். வித்தியாசம் 6,400 ரூபாய்க்கு மேல். ஒரே ஃபேன், ஒரே லைட், ஒரே மிக்ஸி. மாறியது மீட்டர் மட்டும்தான்.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் கொள்ளையடிக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. மூன்று குடும்பத்தின் கரண்டும் ஒரே இணைப்பில் ஓடினால் 500 யூனிட்டைச் சீக்கிரம் தாண்டிவிடும். 500-ஐத் தாண்டினால் மேலே ஓடும் யூனிட்டுகளுக்கு விலை கூடுவதோடு, கீழே 101–200-க்குக் கிடைத்த மலிவு விலையும் போய்விடும். அந்தப் பெரிய பில்லை வீட்டுக்காரர்தான் கட்டுகிறார். அவர் ஒரு விலையைச் சொல்லி வாங்கிவிடுகிறார். இருந்தாலும் அவர் கட்டுவதற்கும் உங்களிடம் வாங்குவதற்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கூச்சப்படாமல் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, கரண்டுக்குத் தனி சர்வீஸா, சப் மீட்டரா? சப் மீட்டர்னா யூனிட்டுக்கு எவ்வளவு? போன பில்லைக் கொஞ்சம் பார்க்கலாமா?" தனி சர்வீஸ் என்றால் சர்வீஸ் நம்பரை வாங்கி, மின்வாரிய இணையதளத்தில் பாக்கி ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய குடித்தனக்காரர் கட்டாமல் போன பில் உங்கள் தலையில் விழக்கூடாது. சப் மீட்டர்தான் என்றால், ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்பதற்குப் பதிலாக, வருகிற பில் தொகையை ஓடிய யூனிட் விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாமா என்று பேசிப் பாருங்கள். பல வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார் இரண்டும் எந்த மீட்டரில் ஓடுகின்றன என்பதையும் கேளுங்கள். காமன் சர்வீஸ் என்றால் மாதப் பங்கு எவ்வளவு? உங்கள் மீட்டரிலேயே மோட்டார் ஓடுகிறது என்றால் மற்ற வீட்டுக்கும் சேர்த்து நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள்.

மேல் மாடியின் மலிவு

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு வாடகை ஆயிரம், ஐந்நூறு குறைத்துச் சொல்வார்கள். மதுரை வெயில் தெரிந்தவர்கள் அதன் காரணத்தையும் அறிவார்கள். பங்குனியில் தொடங்கி ஆவணி வரை, பகல் முழுக்கத் தளத்தில் ஏறிய சூடு ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டுக்குள் இறங்கும். ஃபேன் போட்டால் சூடான காற்றுதான் வரும். ஏ.சி. இல்லாமல் தூங்க முடியாது. ஏ.சி. ஓடினால் 500 யூனிட்டைத் தாண்டும். தாண்டினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். மாடியில் குளிர்ச்சித் தளக்கல் பதித்திருக்கிறார்களா, வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறார்களா என்று ஏறிப் பாருங்கள். முடிந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய், கட்டில் போடப்போகும் அறையின் மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல சோதனை இல்லை.

தண்ணீர்

"தண்ணிப் பிரச்சினையே இல்லை" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். மாநகராட்சிக் குழாயில் வருகிற நல்ல தண்ணீரா, போர் தண்ணீரா? நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, கீழே தொட்டியில் விழுகிறதா, நாம் குடம் பிடிக்க வேண்டுமா? தெருவுக்குத் தெரு இது மாறும். வைகை அணையை நம்பி இருக்கும் ஊர் இது. கோடையில் இடைவெளி கூடும். வீட்டுக்காரரிடம் கேட்டதை எதிர்வீட்டு அக்காவிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். "சித்திரை, வைகாசியில லாரித் தண்ணி வாங்குவீங்களாக்கா?" என்றால் உண்மை வந்துவிடும். லாரித் தண்ணீர் வாங்கும் கட்டடம் என்றால், அந்தச் செலவு மெயின்டனன்சுக்குள் அடக்கமா, தனியா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பதைக் குளியலறையே சொல்லிவிடும். குழாய் மூக்கிலும் ஷவர் துளையிலும் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கிறதா, பக்கெட்டில் கோடு கோடாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்க வேண்டும், அல்லது ஆர்.ஓ. மாட்ட வேண்டும். அப்புறம் கீசர் கம்பியும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் ரிப்பேருக்கு வரும். அதுவும் வாடகையின் ஒரு பகுதிதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: கழிவுநீர் எங்கே போகிறது? மதுரை மாநகராட்சி 2011-இல் 100 வார்டாக விரிந்தபோது ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் போன்ற பகுதிகள் உள்ளே வந்தன. இப்படிப் பின்னால் சேர்ந்த புறப்பகுதிகளில் பாதாளச் சாக்கடை இணைப்பு எல்லா வீட்டுக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. செப்டிக் டேங்க் என்றால், நிரம்பும்போது லாரி கூப்பிடும் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நீங்கள் குடிவந்து இரண்டாவது மாதத்தில் நிரம்பினால், அது உங்களால் நிரம்பியது இல்லை.

மற்றபடி ஃபேன், டியூப்லைட், கீசர், கொசுவலை எது எது இருக்கிறது, எது நாம் போட வேண்டும் என்று ஓட்டமாக ஒரு பட்டியல் எடுங்கள். நம் பக்கம் பல வீடுகளில் கொக்கி மட்டும்தான் இருக்கும். ஃபேன் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கொசுவலை இல்லாத ஜன்னலுக்கு வலை அடிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், ஆனால் செலவில் பாதியைக் கேட்டுப் பாருங்கள்.

டோக்கன் கொடுக்கும் முன்

டோக்கன் என்று ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்துவிட்டால் பேரம் முடிந்துவிட்டது என்று பொருள். எல்லாக் கேள்வியும் அதற்கு முன்னால்தான்.

அட்வான்ஸ் ஐந்து மாதம், ஆறு மாதம், சில இடங்களில் பத்து மாதம் என்றுகூடக் கேட்பார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. அந்த "வேறு விதமாக" என்ற இடத்தில்தான் நடைமுறை முழுக்க ஓடுகிறது. சட்டத்தை எடுத்து வீட்டுக்காரர் முகத்தில் நீட்டச் சொல்லவில்லை. "சட்டத்துல மூணு மாசம்தானே சார், ஒரு அஞ்சு மாசத்துல முடிச்சுக்கலாமா?" என்று பேச அது கைகொடுக்கும்.

புரோக்கர் கமிஷன் வழக்கமாக ஒரு மாத வாடகை. பேசினால் அரை மாதத்துக்கு இறங்குவார்கள். வீடு காட்டுவதற்கே முன்கூட்டிப் பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். காலையில் தெருத்தெருவாக வண்டியில் சுற்றினால் கேட்டில் தொங்கும் "வீடு வாடகைக்கு" அட்டைகள் இன்றைக்கும் கண்ணில் படும். பலசரக்குக் கடை அண்ணாச்சி, இஸ்திரி போடுபவர், பால்காரர் ஆகியோரிடம் சொல்லி வைத்தால் கமிஷன் இல்லாமலே முடியும்.

பெயிண்ட் பிடித்தம்தான் அடுத்தது. சட்டத்தின் அட்டவணையிலேயே, ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் வயரிங், குழாய் மாற்றுவதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்று இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்ற அன்றாடச் சின்ன ரிப்பேர்கள் குடியிருப்பவர் பொறுப்பு. ஒரு மாத வாடகையை அப்படியே பிடிப்பேன் என்று சொன்னால், "மூணு வருஷம் இருந்தா பிடிக்க வேண்டாம்" என்றோ, பில்லைக் காட்டி ஆன செலவில் பாதி என்றோ பேசி வையுங்கள். குடிவரும்போதே சுவர் அழுக்காக இருந்தால், அதற்கும் காலி செய்யும்போது காசு பிடிப்பது நியாயமே இல்லை.

அடுக்குமாடி என்றால் மெயின்டனன்ஸ் தொகையோடு அதற்குள் என்னென்ன அடக்கம் என்பதையும் கேளுங்கள். லிஃப்ட், வாட்ச்மேன், ஜெனரேட்டர், தண்ணீர், குப்பை? லிஃப்ட் பெரிய ரிப்பேர், கட்டடம் முழுக்கப் பெயிண்ட் என்று சங்கம் மொத்தமாக வசூலிப்பது உரிமையாளருடையது; அதைக் குடித்தனக்காரரிடம் கேட்கக்கூடாது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

சம்பளத்தில் வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை எடுப்பவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் கொடுக்க வேண்டும். தர மாட்டேன் என்பவர் வீட்டில் அந்தச் சலுகை போய்விடும். இதையும் டோக்கனுக்கு முன்பே கேளுங்கள்.

ஒத்திக்கு வீடு என்றால்

மதுரையில் "ஒத்திக்கு" என்ற போர்டையும் நிறையப் பார்ப்பீர்கள். ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது பணம் முழுதாகத் திரும்பும். கேட்க நன்றாக இருக்கிறது. அந்தப் பணத்துக்கு வங்கியில் கிடைக்கும் வட்டிதான் நீங்கள் தரும் வாடகை. அதைவிடப் பெரிய செலவு, பணம் திரும்ப வராமல் போவது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து அவர் கட்டாமல் விட்டால், வங்கி முதலில் வந்து நிற்கும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் ஒத்திக்குப் பணம் கொடுக்காதீர்கள். வங்கிகளில் பத்திரத்தை வைத்துவிட்டு வாங்கும் கடன் எல்லாம் வில்லங்கத்தில் தெரியும் என்று நம்பிவிடவும் வேண்டாம். மூலப்பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது சட்டப்படி அடமானம் ஆகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவு செய்ய மாட்டேன் என்பவரிடம் அவ்வளவு பெரிய தொகையை ஒப்படைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அக்ரிமென்ட்

பதினோரு மாத அக்ரிமென்ட் என்று கடையில் அச்சடித்த ஒரே மாதிரித் தாளை நீட்டுவார்கள். வாங்கி முழுதாகப் படியுங்கள். ஆண்டுக்கு வாடகை எத்தனை சதவீதம் ஏறும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, யூனிட் விலை, பெயிண்ட், மெயின்டனன்ஸ் எல்லாம் எண்ணோடு இருக்க வேண்டும். பேசியது எதுவும் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று நிற்கக்கூடாது. அட்வான்சை முடிந்தவரை வங்கி வழியாகவே கொடுங்கள்; ரொக்கம் என்றால் ரசீது.

எத்தனை மாத ஒப்பந்தமானாலும் 2017 சட்டப்படி அதை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கு அரசின் தனி இணையதளம் இருக்கிறது. நடைமுறையில் பலரும் செய்வதில்லை. செய்துவைத்தால் பிறகு அட்வான்ஸ் விஷயத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

குடிபோகும் நாளும் காலி செய்யும் நாளும்

சாமான் ஏற்றக் குட்டியானை பேசும்போது, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி சேர்த்தா, எத்தனையாவது மாடி, சந்துக்குள் வண்டி வருமா என்று சொல்லிப் பேசுங்கள். வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டால் அங்கிருந்து தூக்க ஆளுக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள்.

சாமான் இறங்கும் முன், காலி வீட்டை அறை அறையாக போனில் வீடியோ எடுங்கள். சுவர் ஓதம், உடைந்த தாழ்ப்பாள், கீறல் விழுந்த சிங்க், மீட்டர் ரீடிங் எல்லாம் அதில் வரட்டும். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது "இது நீங்க உடைச்சது" என்ற பேச்சுக்கே இடமில்லை.

காலி செய்வதை வாயால் சொன்னால் போதாது. தேதி போட்டு எழுத்தில் சொல்லுங்கள். கரண்டு கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், கடைசி பில் நீங்கள் போன பிறகுதான் வரும். அதற்காக மொத்த அட்வான்சையும் நிறுத்தி வைக்கத் தேவையில்லை. மீட்டர் ரீடிங்கை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து, ஓடிய யூனிட்டுக்குக் கணக்குப் போட்டு அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம். பாக்கி போக மீதி அட்வான்சைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "அடுத்த ஆள் வந்ததும் அவர் அட்வான்ஸ்ல இருந்து தர்றேன்" என்பது மதுரையில் வழக்கமாகக் கேட்கும் பதில். அதற்கு ஒத்துக்கொண்டால் எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.

இடையில் தகராறு வந்து தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அது சட்டத்துக்குப் புறம்பானது. வீட்டுக்காரருக்கு அந்த அதிகாரம் கிடையாது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். மனுவோடு வைக்க அக்ரிமென்ட், வாடகை போன வங்கிக் கணக்கு விவரம், அந்த முதல் நாள் வீடியோ மூன்றும் கையில் இருக்கட்டும்.